வளைந்த குழாய் எவ்வளவு தாங்கும்: எல்போக்களின் முறிவு வலிமையைக் கணிப்பது பற்றி

219 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 8.18 மில்லிமீட்டர் சுவர்த் தடிமனும் கொண்ட உருக்குக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உருக்கு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு (ஓரலகுப் பரப்பில் செயல்படும் அக விசை), அதாவது இளகு தகைவு, 250 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் குழாய் நேராக இருந்தால், அதன் குறுக்குவெட்டு முழுவதும் இளகி, மேற்கொண்டு எதிர்ப்புக் காட்ட இயலாத நிலைக்கு வருவதற்கு ஏறத்தாழ 91 கிலோநியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புத்திறன், அதாவது குழாயை மடக்கும் திருப்பு விளைவு, தேவைப்படும். அதே உருக்கில், அதே தடிமனில், 305 மில்லிமீட்டர் வளைவாரத்துடன் (மையக்கோட்டு வளைவின் ஆரம்) செய்த 90 பாகை எல்போவோ, அதாவது குழாயின் திசையைத் திருப்பும் வளைந்த துண்டோ, சுமார் 31 கிலோநியூட்டன் மீட்டரிலேயே அந்த நிலையை எட்டிவிடும். பொருள் மாறவில்லை, குறுக்குவெட்டும் மாறவில்லை. குழாயின் மையக்கோடு வளைந்திருப்பது ஒன்றுதான் வேறுபாடு. அந்த ஒன்றினால் வலிமையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது.

இந்த இழப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, எல்போவை அதன் வளைவு மேலும் இறுகும் திசையில் மடக்குவதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அப்போது வெளிவளைவின் சுவர் நீளவாட்டில் இழுபடுகிறது, உள்வளைவின் சுவர் அமுக்கப்படுகிறது. நேர்க்குழாயிலும் ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் அமுக்கப்படத்தான் செய்கிறது. ஆனால் வளைந்த பாதையில் இழுபடும் சுவர் அந்த வளைவின் மையத்தை நோக்கி உள்ளே நகரப் பார்க்கும். வளைந்த பாதையில் அமுக்கப்படும் சுவர் மையத்தை விட்டு விலகப் பார்க்கும். இரண்டு போக்குகளும் சேர்ந்து வெளிவளைவையும் உள்வளைவையும் ஒன்றை நோக்கி மற்றொன்றைத் தள்ளுவதால், வட்டமாக இருந்த குறுக்குவெட்டு நசுங்கி நீள்வட்டமாகிறது. அதிகத் தகைவை ஏந்த வேண்டிய இரண்டு விளிம்புகளும் இப்படிச் சுமையிலிருந்து நழுவி நடுவை நோக்கி ஒதுங்குவதால் குழாய் எளிதாக மடங்குகிறது. அது மட்டுமன்றி, வட்டம் நீள்வட்டமாகும்போது குழாயின் சுவரே ஒரு மெல்லிய தகடுபோல் வளைகிறது. குழாயின் சுற்றுத் திசையில் எழும் இந்தத் தகட்டு வளைவுத் தகைவு, உள்வளைவிலும் வெளிவளைவிலும் அல்லாமல் இரண்டுக்கும் நடுவே உள்ள பக்கச் சுவர்களில் உச்சத்தை அடைகிறது. சாதாரண உத்திரக் கணக்கில் அந்தப் பக்கச் சுவர்கள் தகைவே இல்லாத நடுக்கோட்டில் இருப்பவை. உத்திரக் கோட்பாட்டை மட்டும் நம்பியவர் எந்த இடத்தைப் பார்க்கவே தேவையில்லை என்று கருதுவாரோ, அங்கேதான் எல்போ முதலில் இளகுகிறது.

வளைகுழாய்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு எளிதில் வளைந்துகொடுப்பதை 1910-இல் பாண்ட்லின் செய்த சோதனைகள் காட்டின. அடுத்த ஆண்டே தியோடர் வான் கார்மான் அதற்கு மேலே சொன்ன நீள்வட்டமாதலைக் காரணமாகக் காட்டிக் கணக்கிட்டார். நேர்க்குழாய்கூட மிகுதியாக வளைக்கப்படும்போது இதே போக்கினால் நசுங்கி ஓர் உச்சத் திருப்புத்திறனை அடைகிறது என்பதை 1927-இல் பிரேசியர் நிறுவினார். எல்போவில் வளைவு தொடக்கத்திலேயே இருப்பதால் அங்கே அந்த விளைவு முதல் நியூட்டனிலிருந்தே வேலை செய்கிறது. 1951-இல் கிளார்க், ரைஸ்னர் இருவரும் தந்த தீர்வு இன்றும் குழாய் வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் எளிய சூத்திரங்களுக்கு அடிப்படையாக இருக்கிறது.

அந்தச் சூத்திரங்கள் எல்லாவற்றிலும் ஒரே ஓர் எண் மையமாக நிற்கிறது. சுவர்த் தடிமனை வளைவாரத்தால் பெருக்கி, குழாயின் சராசரி ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் அந்த எண்ணை இங்கே வளைவுக் குறியெண் என்று அழைப்போம். மெல்லிய சுவரும் இறுக்கமான வளைவும் சேர்ந்தால் அது சிறிதாகும். தடித்த சுவரும் அகன்ற வளைவும் சேர்ந்தால் பெரிதாகும். நாம் எடுத்துக்கொண்ட எல்போவுக்கு அது 0.224. 1.65-ஐ இந்த எண்ணால் வகுத்தால், அதே நீளமுள்ள நேர்க்குழாயைவிட எல்போ எத்தனை மடங்கு வளைந்துகொடுக்கும் என்பது தெரியும். நம் எல்போவுக்கு அது 7.4 மடங்கு. பக்கச் சுவரில் எழும் உச்சத் தகைவு, உத்திரக் கணக்குத் தரும் தகைவைப் போல் எத்தனை மடங்கு என்பதற்கு 1.8-ஐக் குறியெண்ணின் மூன்றில் இரண்டாம் (2/3) அடுக்கால் வகுக்க வேண்டும்; அது ஏறத்தாழ 4.9 மடங்கு. ஆகவே 14 அல்லது 15 கிலோநியூட்டன் மீட்டரிலேயே பக்கச் சுவரின் மேற்பரப்பு இளகத் தொடங்கிவிடும்.

முதல் இளகல் 15-க்குச் சற்றுக் கீழே, சரிவு 31-இல் என்னும் இந்த இடைவெளி கவனிக்கத்தக்கது. சுவரின் மேற்பரப்பு இளகினாலும் அதன் நடுப்பகுதி இன்னும் மீள்நிலையில் இருக்கிறது. ஓரிடம் இளகினால் அதன் சுமையைப் பக்கத்து இடங்கள் பகிர்ந்துகொள்கின்றன. குறுக்குவெட்டைச் சுற்றியும் சுவரின் ஆழத்திலும் இளகல் பரவி, சுமை மேலும் கூடாமலேயே எல்போ மடங்கிக்கொண்டே போகும் நிலை வரும்போதுதான் சரிவு என்கிறோம். அந்தச் சரிவுத் திருப்புத்திறனுக்குக் கேலடைன் 1974-இல் தந்த கீழ்வரம்புத் தீர்வு (உண்மை வலிமையைவிட மிகாத மதிப்பைத் தரும் கணக்கு) எளிமையானது: நேர்க்குழாயின் முழு இளகு திருப்புத்திறனை, குறியெண்ணின் மூன்றில் இரண்டாம் அடுக்கின் 0.935 மடங்கால் பெருக்க வேண்டும். குறியெண் 0.5-க்குக் கீழே இருக்கும் எல்போக்களுக்கு இது பொருந்தும். தொடக்கத்தில் சொன்ன 31 கிலோநியூட்டன் மீட்டர் இதிலிருந்து வந்ததே. 1973-இல் ஸ்பென்ஸ், ஃபின்ட்லே இருவரும் வேறு வழியில் அடைந்த சூத்திரம் அதே எல்போவுக்கு 30-ஐ ஒட்டிய விடையைத் தருகிறது. வெவ்வேறு அனுமானங்களுடன் புறப்பட்ட இரண்டு கையால் போட்ட கணக்குகள் 6 விழுக்காட்டுக்குள் ஒன்றுபடுவது, எனக்கு இந்தத் துறையின் மிக அழகான செய்திகளில் ஒன்றாகவே படுகிறது.

ஆனால் இவ்விரண்டு சூத்திரங்களும் எல்போவின் வடிவம் சுமையேறும்போது பெரிதாக மாறாது என்று கொள்பவை. உண்மையில் வடிவம் மாறுகிறது, அந்த மாற்றம் சுமையின் திசையைப் பொறுத்து நன்மையாகவோ தீமையாகவோ முடிகிறது. எல்போ மூடும் திசையில் மடங்கினால் குறுக்குவெட்டு நசுங்கி, அதன் எதிர்ப்பு குறைந்துகொண்டே போகும். திறக்கும் திசையில் நிமிர்ந்தாலோ விசைகள் தலைகீழாகி, உள்வளைவும் வெளிவளைவும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். குறுக்குவெட்டு வளைவின் தளத்தில் நீண்டு, நிமிர்த்தி வைத்த உத்திரம்போல் விறைப்பாகும். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 1978-இல் வெளியான கிரீன்ஸ்ட்ரீட்டின் அறிக்கை, 6 அங்குல எல்போக்கள் 20-ஐ இளகல் நிலைக்கு அப்பால் கொண்டுசென்று பார்த்த சோதனைகளை விவரிக்கிறது. திறக்கும் திசையில் ஏற்றிய எல்போக்கள் மூடும் திசையில் ஏற்றியவற்றைவிடத் தெளிவாக அதிகச் சுமை தாங்கின. எனவே ஓர் எல்போவின் வலிமை எவ்வளவு என்ற கேள்விக்கு, எந்தத் திசையில் என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது. வளைவின் தளத்துக்குச் செங்குத்தாக வரும் திருப்புத்திறன் இவ்விரண்டிலிருந்தும் வேறான மூன்றாவது நிலை. உண்மையான குழாய்த் தொடரில் மூன்றும் கலந்தே வருகின்றன.

அக அழுத்தம் இந்தப் படத்தை மேலும் சிக்கலாக்குகிறது. அழுத்தம் குறுக்குவெட்டை வட்டமாகவே வைத்திருக்க முயல்வதால் நீள்வட்டமாதலைத் தடுக்கிறது. அதனால் எல்போவின் விறைப்பு கூடுகிறது, பக்கச் சுவரின் தகைவுப் பெருக்கம் குறைகிறது. இதற்கான திருத்தக் காரணிகளை ரோடபா, ஜார்ஜ் இருவரும் 1957-இல் தந்தனர். மிதமான அழுத்தம் மூடும் திசைச் சரிவு வலிமையை உயர்த்துகிறது. அழுத்தம் மிகும்போதோ, சுவரின் வலிமையில் பெரும்பகுதியை அழுத்தமே தின்றுவிடுவதால் திருப்புத்திறனுக்கு மிஞ்சுவது குறைகிறது. ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும் இந்தப் போக்கை, வடிவ மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாத பகுப்பாய்வு காட்டாது. அது அழுத்தத்தைப் பகையாக மட்டுமே பார்க்கும்.

திருப்புத்திறன் இல்லாமல் அழுத்தம் மட்டுமே இருந்தாலும் எல்போ நேர்க்குழாய் போல் நடந்துகொள்வதில்லை. உள்வளைவில் சுவரின் பரப்பு குறைவு, வெளிவளைவில் மிகுதி. ஆகவே சமநிலைக்காக உள்வளைவின் சுவர் அதிகச் சுற்றுத் தகைவை ஏந்த வேண்டியிருக்கிறது. நம் எல்போவில் 6 மெகாபாஸ்கல் அழுத்தம் இருந்தால், நேர்க்குழாயில் 77 மெகாபாஸ்கலாக இருக்கும் சுற்றுத் தகைவு உள்வளைவில் 98 ஆகவும் வெளிவளைவில் 67 ஆகவும் மாறும். வளைவாரம் குழாய் விட்டத்துக்குச் சமமாக இருக்கும் குட்டை எல்போக்களில் உள்வளைவுத் தகைவு நேர்க்குழாயைப் போல் ஒன்றரை மடங்கு.

இந்தக் கணக்கு சுவர்த் தடிமன் எங்கும் ஒன்றே என்று கொள்வது. இதில் பலரும் தவறவிடும் ஒரு திருப்பம் இருக்கிறது. நேர்க்குழாயை எடுத்து வளைத்து ஒரு பெண்ட் செய்தால், வெளிவளைவு இழுபட்டு மெலிகிறது, உள்வளைவு அமுக்கப்பட்டுத் தடிக்கிறது. வளைவாரம் விட்டத்தின் 3 மடங்காக இருக்கும் பெண்டில், மையக்கோட்டின் நீளம் மாறாது என்று கொண்டால், வெளிவளைவு ஏறத்தாழ 14 விழுக்காடு மெலியும். மெலிந்த அந்தத் தடிமனை வைத்துக் கணக்கிட்டால், வெளிவளைவின் சுற்றுத் தகைவு மூல நேர்க்குழாயினுடையதைவிட 8 விழுக்காடு அதிகமாகவும், உள்வளைவின் தகைவு 8 விழுக்காடு குறைவாகவும் வருகிறது. எந்த இடம் பலவீனமானது என்ற விடை, பொருளைச் செய்த முறையைப் பொறுத்துத் தலைகீழாகிவிட்டது. வளைக்கும்போதே குறுக்குவெட்டு ஓரளவு நீள்வட்டமாகிவிடுவதும் உண்டு. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) குழாய்களுக்கான பி31.3 விதித்தொகுப்பு இந்த நசுக்கத்தை அக அழுத்தக் குழாய்களுக்கு விட்டத்தில் 8 விழுக்காடு, புற அழுத்தக் குழாய்களுக்கு 3 விழுக்காடு என்று வரையறுக்கிறது. புற அழுத்தம் நசுக்கத்தை மேலும் வளர்க்கும், அக அழுத்தம் அதை நிமிர்த்தப் பார்க்கும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இதுவரை சொன்னவை ஒருமுறை ஏற்றும் சுமைக்கு உரியவை. பணியில் இருக்கும் குழாய்களோ வெப்பமேறித் தணியும் ஒவ்வொரு முறையும் எல்போவை மடக்கி நிமிர்த்துகின்றன. அதில் வரும் களைப்பு முறிவுக்கான நடைமுறைக் கணக்கு மார்க்ல் 1950-களில் வெளியிட்ட சோதனைகளிலிருந்து வந்தது. முன்னும் பின்னுமாக வளைத்து, விரிசல் ஊடுருவிக் கசியும் வரை சுற்றுகளை எண்ணிய சோதனைகள் அவை. தகைவு இரட்டிப்பானால் ஆயுள் 32-இல் ஒரு பங்காகிறது என்பதே அவற்றிலிருந்து பெறப்பட்ட விதியின் சாரம். விதித்தொகுப்புகளில் நெடுங்காலம் நின்ற தகைவுப் பெருக்கக் காரணியின் எண் 0.9. கோட்பாடு தரும் 1.8-இல் சரிபாதி அது. இரண்டு குழாய்களை முனைக்கு முனை பற்றவைத்த இணைப்பை 1 என்ற அளவுகோலாக மார்க்ல் எடுத்துக்கொண்டதும், அந்த இணைப்பிலேயே உண்மைத் தகைவு ஏறத்தாழ இரட்டிப்பாக இருப்பதும்தான் காரணம். இது தெரியாமல் அந்தக் காரணியைப் பெருக்கி வரும் எண்ணை உண்மையான உச்சத் தகைவு என்று கொள்பவர், பாதி அளவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நிலநடுக்கம் போன்ற கடுமையான, குறைந்த சுற்றுகளே கொண்ட சுமைகளில் இன்னொரு விளைவு சேர்கிறது. அழுத்தம் நிலையாக இருக்க, திருப்புத்திறன் இளகல் எல்லையைத் தாண்டி மாறி மாறி வந்தால், ஒவ்வொரு சுற்றிலும் சுவர் சற்றே விரிந்து, அந்த விரிவு திரும்பி வராமல் சேர்ந்துகொண்டே போகிறது. ராட்செட்டிங் என்று இதைச் சொல்வார்கள். அமெரிக்காவில் 1980-களில் குழாய் உறுப்புகளை அதிர்வு மேடைகளில் ஏற்றிச் சோதித்தபோது, வடிவமைப்பாளர்கள் அஞ்சியதுபோல் அவை ஒரேயடியாகச் சரிந்துவிடவில்லை. களைப்பும் ராட்செட்டிங்கும் சேர்ந்து உண்டாக்கிய விரிசல்களே பெரும்பாலும் முடிவைக் கொண்டுவந்தன. எல்போக்களில் அந்த விரிசல்கள் பக்கச் சுவரில், குழாயின் நீளவாட்டில் ஓடுபவை. நீள்வட்டமாதலின் சுற்றுத் தகைவு உச்சம் பெறும் அதே இடம்.

இன்று ஓர் எல்போவின் முறிவைக் கணிக்க விரும்புபவர் பொருளைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளைத் திறந்துவிடுவார். அது மேலே சொன்ன எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட வல்லது: பெரிய வடிவ மாற்றம், உருக்கின் கடினப்படும் போக்கு, அழுத்தம், சமமற்ற தடிமன், எல்போவுடன் பற்றவைத்த நேர்க்குழாய்கள் நசுக்கத்தைத் தடுக்கும் விதம் என அனைத்தும் அதில் அடங்கும். கடைசியில் சொன்னது சிறிய விஷயமல்ல. எல்போவின் இரு முனைகளிலும் ஃபிளாஞ்சு (போல்ட்டு போட்டு இணைக்கும் தடித்த விளிம்பு வளையம்) இருந்தால் நீள்வட்டமாதல் வெகுவாகக் கட்டுப்படும். அதற்கெனவே விதித்தொகுப்பில் தனித் திருத்தம் உண்டு. நேர்க்குழாய் துண்டுகளைச் சேர்க்காமல் எல்போவை மட்டும் தனியே மாதிரியாக்கி, முனைகளை இறுகப் பிடித்துவிட்டால், இல்லாத வலிமையைக் கணினி நமக்குக் காட்டும்.

கணினியின் விடையைப் படிப்பதிலும் தேர்வு இருக்கிறது. சுமைக்கும் சுழற்சிக்கும் இடையே வரையப்படும் கோடு பெரும்பாலும் கூர்மையான உச்சம் காட்டாமல் மெல்ல வளைந்து செல்லும். அதில் எந்தப் புள்ளியைச் சரிவு என்பது? அழுத்தக் கலன்களுக்கான ஏஎஸ்எம்இ விதிகளில் இடம்பெற்ற ஒரு வழி, தொடக்க நேர்கோட்டின் சுழற்சியைப் போல் இரட்டிப்புச் சுழற்சி காட்டும் கோட்டை வரைந்து, அது வளைகோட்டை வெட்டும் சுமையை எடுத்துக்கொள்வது. இது ஓர் உடன்பாடு, இயற்கை விதியல்ல. எந்தச் சுழற்சியை, எந்த இடத்தில் அளந்து வரைந்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். எனவே சரிவுச் சுமை என்று ஓர் எண்ணைக் குறிப்பிடும் அறிக்கை, அது எந்த வரையறையின்படி, சிறு வடிவ மாற்றக் கணக்கா பெரிய வடிவ மாற்றக் கணக்கா என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாத அறிக்கையின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

இவ்வளவு நுட்பத்துக்குப் பிறகும், கணிப்பில் உள்ள பெரும் ஐயம் சூத்திரத்தில் இல்லை என்பதே என் கருத்து; அது சூத்திரத்துக்குள் போகும் தடிமனில் இருக்கிறது. சரிவுத் திருப்புத்திறன் தடிமனின் மூன்றில் ஐந்தாம் (5/3) அடுக்கைப் பொறுத்தது: தடிமன் நேரடியாக ஒரு முறையும், குறியெண்ணின் வழியாக மூன்றில் இரண்டு முறையும் உள்ளே வருகிறது. தையலில்லா உருக்குக் குழாயின் சுவர், பெயரளவுத் தடிமனைவிட 12.5 விழுக்காடு குறைந்திருக்கத் தரநிலைகள் அனுமதிக்கின்றன. அந்த அளவு குறைந்தாலே எல்போவின் சரிவு வலிமை 20 விழுக்காடு குறைகிறது. இரண்டு சூத்திரங்களுக்கு இடையே நாம் கண்ட வேறுபாடு 6 விழுக்காடுதான் என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அரிப்பினால் சுவர் எங்கும் பாதியாகிவிட்டால் நேர்க்குழாய் தன் வளைவு வலிமையில் பாதியை இழக்கும். எல்போவோ கிட்டத்தட்ட 70 விழுக்காட்டை இழக்கும்.

எல்போவில்தான் சுவர் வேகமாக அரிக்கப்படவும் செய்கிறது. ஓட்டம் திரும்பும் இடத்தில் சுழல்கள் உண்டாகி, உருக்கின் மேலுள்ள காப்பு ஆக்ஸைடு படலத்தைக் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. 1986 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சர்ரி அணுமின் நிலையத்தின் 2-ஆவது அலகில், ஊட்டுநீர்க் குழாயின் 18 அங்குல எல்போ ஒன்று வெடித்துப் பிளந்ததில் நான்கு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நீராவி கலந்த குழாய்களில்தான் இந்த அரிப்பு வரும் என்ற எண்ணத்தில், நீர் மட்டும் ஓடும் அத்தகைய குழாய்களின் தடிமனை அளக்கும் வழக்கம் அதுவரை இல்லை. 2001 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹம்பர் சுத்திகரிப்பு ஆலையில் நேர்ந்த வெடிப்பும், நீர் செலுத்தப்பட்ட இடத்துக்கு அடுத்திருந்த எல்போ அரிக்கப்பட்டு மெலிந்ததால் வந்தது. 2019 ஜூன் 21 அன்று ஃபிலடெல்ஃபியா சுத்திகரிப்பு ஆலையில் பிளந்த எல்போவின் கதை இன்னும் நுட்பமானது. அதன் உருக்கில் நிக்கலும் தாமிரமும் அதிகமாக இருந்ததால், ஹைட்ரோஃபுளோரிக் அமிலச் சூழலில் அது பக்கத்திலிருந்த குழாய்த் துண்டுகளைவிட வெகு வேகமாக அரிக்கப்பட்டு, கடைசியில் 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்திருந்தது. தடிமன் அளக்கப்பட்ட இடங்கள் அதே தொடரில் இருந்தன. அந்த எல்போ அவற்றில் ஒன்றாக இருக்கவில்லை.

ஆகவே மெலிந்த எல்போவின் எஞ்சிய வலிமையைக் கணிக்க முற்படுபவருக்கு, எங்கே மெலிந்திருக்கிறது என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும். அழுத்தம் முதன்மையான சுமையாக இருந்தால் உள்வளைவின் மெலிவு கூடுதல் ஆபத்தானது; அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ 579 போன்ற மதிப்பீட்டு நெறிகள் இடத்துக்கு ஏற்ப மாறும் இந்தத் தகைவுக் காரணியை எல்போக்களுக்கெனச் சேர்த்துக்கொள்கின்றன. மடக்கும் சுமை முதன்மையானால் பக்கச் சுவரின் மெலிவு அதைவிடக் கவலைக்குரியது. திண்மத் துகள்கள் மோதி அரிக்கும் குழாய்களில் வெளிவளைவே முதலில் தேய்கிறது. ஓட்டம் வரும் பக்கத்தில் இன்னொரு எல்போவோ, வால்வோ, டீ இணைப்போ இருந்தால் தேய்மானத்தின் உச்சம் எதிர்பாராத கோணத்துக்கு நகர்ந்துவிடும். வெளிவளைவில் ஒரே ஒரு புள்ளியில் மீயொலிக் கருவியை வைத்து எடுத்த அளவு, வெளிவளைவின் அந்தப் புள்ளியைப் பற்றி மட்டுமே சொல்கிறது. உள்வளைவு, வெளிவளைவு, இரண்டு பக்கச் சுவர்கள் என நான்கையும் சுற்றிவந்து, எல்போவின் தொடக்கம், நடு, முடிவு ஆகியவற்றோடு ஓட்டம் வெளியேறும் பக்கத்தில் பற்றவைத்த நேர்க்குழாயின் முதல் சில விட்டங்களையும் கட்டம் கட்டமாக அளந்து, அந்தத் தடிமன் வரைபடத்தையே கணினி மாதிரிக்குள் கொடுக்கும்போதுதான் கேலடைனின் சூத்திரமும் ஃபைனைட் எலிமென்ட் கணக்கும் நமக்கு உண்மையிலேயே முன் நிற்கும் எல்போவைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றன.